அக்காவுக்குச் செய்த பல்

பல்லம்மா விடிந்ததும் முகம் கழுவி, தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு, சமையலறை மேசையில் வேதத்தை விரித்துவைத்து உட்காருவதைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வந்துவிடும். என்ன பக்தி, என்ன அடக்கம் என்று மேல்வீட்டுக்காரி போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்தியாவது மண்ணாங்கட்டியாவது! பல்லம்மா அங்கே உட்கார்ந்து வாசித்ததெல்லாம் தன் கூடப்பிறந்த அக்காவின் வாயில் ஒரு பல் பாக்கியில்லாமல் உதிரவேண்டும் என்பதற்காகத்தான்.

பல்லம்மா என்பது தொழில் கொடுத்த பெயர். பல் டாக்டரின் கிளினிக்கில் பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. ஒரு ஜன்னல், ஒரு நீள மேசை, ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கத்தி, சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஊரார் வாயெல்லாம் பிளாஸ்டரில் அச்சாகி வரிசையாக நிற்கும். அங்கேதான் அவள் பல்செட்டு செய்வாள். பிடுங்குவது முன்னறையில், நடுவது பின்னறையில். டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன், கொஞ்சம் அவசரக்காரர். "நீங்க அழவெச்சு அனுப்புறவங்களை நான்தான் சிரிக்கவெச்சு அனுப்பவேண்டியிருக்கு டாக்டர்" என்று அவள் சொன்னால் அவரும் சேர்ந்து சிரிப்பார். வேலையில் அவளை ஒரு குறை சொல்லமுடியாது. அதனால் மனசில் என்ன வைத்திருக்கிறாள் என்று யாரும் கேட்டதும் இல்லை.

மனசில் இருந்தது இதுதான். அவளுடைய அம்மா படுத்த படுக்கையானபோது அக்காவின் வீட்டில்தான் இருந்தாள். அதற்கு முன்னால் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு திரைச்சீலை விஷயமாக வாய்த்தகராறு. உன் வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டேன் என்று பல்லம்மா சொன்னது உண்மைதான். கோபத்தில் யார்தான் சொல்லவில்லை? அம்மாவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதும் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. தினமும் போன் செய்தாள். போனை எடுப்பது அக்காதான். அம்மா தூங்குகிறாள் என்பாள், டாக்டர் யாரையும் பார்க்கவிடவில்லை என்பாள், இப்போது வேண்டாம், வரவேண்டிய நேரத்தில் நானே சொல்கிறேன் என்பாள். கடைசியில் ஒருநாள் போன் வந்தது, எல்லாம் முடிந்துவிட்டது, அடக்கமும் ஆகிவிட்டது என்று.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஒருநாள் பல் கட்ட வந்தவள், பல்லம்மா யாரென்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்தாள். பெற்ற தாய் உயிருக்குப் போராடும்போது சின்னவ எங்கே, சின்னவ எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். "அவ வரமாட்டேன்னு சொல்லிட்டாம்மா" என்று அக்கா அம்மாவின் காதருகில் குனிந்து சொன்னாளாம். நர்ஸ் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறாள். சொந்தக்காரர்களிடமும் அக்கா அதையேதான் சொல்லிவைத்திருந்தாள். கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டாள் என்று. அத்தனை பேரும் நம்பினார்கள். ஒருத்தர்கூடத் தங்கையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எப்படிக் கேட்பார்கள்? அக்காவின் குரல் அப்படி. அவளுக்கு வேலையே பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்வது. எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று அந்தக் குரல் சொன்னால் ஊரே மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடும். கணீரென்று, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும். பல் வரிசையும் அதற்கேற்ற மாதிரி முத்துமுத்தாக இருக்கும். பல்லம்மா நியாயம் கேட்கப் போனபோது அக்கா அந்த முப்பத்திரண்டையும் காட்டிச் சிரித்தாள். "நீ வந்து என்ன கிழிச்சிருப்ப?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்தச் சிரிப்புதான் பல்லம்மாவின் வயிற்றில் அடுப்பாக எரிந்துகொண்டிருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், வேலைக்குப் போக அவள் தினமும் அந்த பஸ் நிலையத்தில்தான் நிற்கவேண்டும். தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் அக்கா பேசிக்கொண்டிருப்பாள்.

அந்த நேரத்தில்தான் வேத வாசிப்புக் கூட்டம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. நடத்துபவர் ஓய்வுபெற்ற தபால்காரர். வேதத்தை அவர் வாசிக்கிற விதமே வேறு. இதில் வருகிற ராஜாவும் எதிரியும் மலையும் கடலும் வெளியே எங்கேயும் இல்லை, எல்லாம் உன் மனசுக்குள்ளே இருக்கிற நிலைகள் என்பார். கெஞ்சிக் கேட்பது ஜெபம் இல்லை. கேட்டது கைக்கு வந்துவிட்டது என்று உள்ளுக்குள் நிச்சயம் பண்ணிக்கொண்டு, வருவதற்கு முன்பே நன்றி சொல்வதுதான் ஜெபம். அப்படி நிச்சயப்பட்டது வெளியே வந்தே தீரும். முகவரியைத் தெளிவாக எழுதிப் போட்ட தபால் ஒன்றுகூட என் பையில் தங்கியதில்லை என்று அவர் சொல்லும்போது கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கண் கலங்கும்.

மற்றவர்கள் வீடு கேட்டார்கள், பிள்ளைக்கு வேலை கேட்டார்கள், முழங்கால் வலி போகவேண்டும் என்று கேட்டார்கள். பல்லம்மா கேட்டது என்னவென்று அவள் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், இதில் கெட்டது கேட்டால் வருமா என்று தபால்காரரிடம் வாயை விட்டுவிட்டாள். அவர் திடுக்கிட்டுப்போய், எதிரி என்பதும் உனக்குள்ளேதான் இருக்கிறான் என்று ஆரம்பித்தார். "எனக்குள்ள இல்ல அண்ணே. பஸ் ஸ்டாண்டுல இருக்கா" என்றாள் பல்லம்மா. எதிரிகளின் பல்லை நொறுக்குவதைப் பற்றி வேதத்திலேயே ஓர் இடம் இருக்கிறது, அதை எழுதினவருக்கு மட்டும் எதிரி வெளியே இருக்கலாமா என்றும் கேட்டாள். பாவம், மனுஷன் வேறு பக்கம் புரட்டினார்.

பல்லை நொறுக்குகிற அந்தப் பக்கத்தில் பல்லம்மா ஒரு மெழுகுத் துண்டை அடையாளம் வைத்துக்கொண்டாள். தினமும் அதை வாசித்துவிட்டுக் கண்ணை மூடுவாள். படம் எப்போதும் ஒன்றுதான். அக்கா தன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். வாயில் ஒரு பல்கூட இல்லை. ஆனாலும் அந்தக் கணீர்க் குரலில், அம்மாவிடம் தான் சொன்னது பொய் என்று தன் வாயாலேயே சொல்கிறாள். நாற்காலியின் கைப்பிடி, அக்காவின் நெற்றிச் சுருக்கம், உள்ளே ஒடுங்கின உதடு எல்லாம் தெளிவாகத் தெரிகிறவரை கண்ணைத் திறக்கமாட்டாள். ‘பொய்’ என்ற சொல் காதில் விழுந்ததும் நன்றி என்று சொல்லி வேதத்தை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். படம் அந்தச் சொல்லோடு முடிந்துவிடும்.

நம்பினால் நம்புங்கள், ஒருநாள் காலையில் பஸ் நிலையத்தில் குரல் மாறியிருந்தது. யாரோ ஒரு பெண் மூக்கால் பேசிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அவள்தான், மறுவாரமும் அவள்தான். பல்லம்மா விசாரித்துப் பார்த்தாள். முன்பு பேசின அம்மாவுக்கு வாயில் ஏதோ உபாதை, லீவில் இருக்கிறார் என்றார்கள். அன்றைக்கு அவள் பஸ்ஸில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்கமுடியாமல் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு அந்த அச்சு வந்தது. டாக்டர் முன்னறையிலிருந்து அனுப்பியது, பல்லே இல்லாத வாய். பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் பிரித்துக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேல்வாயின் நடுவில் ஓர் எலும்பு மேடு, இடது பக்கம் சாய்ந்து இரண்டாகப் பிரிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ வாயைப் பார்த்திருக்கிறாள், மேடும் பார்த்திருக்கிறாள். இப்படிச் சாய்ந்து பிரிந்த மேட்டை அவள் வேறு எங்கும் பார்த்ததில்லை. நாக்கை மேலே தூக்கித் தடவிப்பார்த்தாள். அவள் வாயிலும் அது இருந்தது. அம்மாவின் வாயிலும் இருந்தது. அம்மாவுக்குப் பல்செட்டு செய்துகொடுத்ததே அவள்தானே.

முன்னறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தாள். அக்கா உட்கார்ந்திருந்தாள். ஈறு கெட்டுப்போய் எல்லாவற்றையும் எடுக்கவேண்டி வந்துவிட்டது. தங்கை இந்த கிளினிக்குக்கு மாறியிருப்பது அவளுக்குத் தெரியாது. வாயைக் கையால் பொத்தியிருந்தாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்டினாள். கையை எடுக்கவே இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

பல்லம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டது அப்படியே வந்திருக்கிறது, பல் போய்விட்டது. ஆனால் பல் போன வாயை அக்கா திறக்கமாட்டாள்! திறந்தாலும் அந்தக் குரல் வராது, குழறத்தான் செய்யும். ஒரே ஜெபத்தில் பல்லும் போகவேண்டும், கணீரென்று உண்மையும் வரவேண்டும் என்றால் எப்படி? அடி முட்டாளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பல் வேலை செய்கிறவளுக்கு இதுகூடவா தெரியாமல் போனது.

முதலில் தோன்றியது கேவலமான எண்ணம்தான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கிற கடியை ஒரு நூல் உயர்த்திவிட்டால் போதும், ஒவ்வொரு வார்த்தைக்கும் பல் டக்டக்கென்று அடித்துக்கொள்ளும், மைக்கில் அது ஊருக்கே கேட்கும். கத்தியைச் சூடுபண்ணிக் கையில் எடுத்தும்விட்டாள். பிறகு கீழே வைத்தாள். ஒழுங்காகப் பேசமுடியாதவள் உண்மையைச் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன. இந்த வாய்க்கு ஊரிலேயே இல்லாத நல்ல பல் வேண்டும். அந்தப் பல்லால் சொல்லவேண்டும்.

அப்படி ஒரு வெறியோடு அவள் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிட மறந்தாள். ஒவ்வொரு பல்லையும் மெழுகில் நட்டு, எடுத்து, மறுபடி நட்டாள். மேல்வரிசையில் முன்பல்லுக்கு அடுத்த பல்லுக்கு வந்ததும் அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. அக்காவின் பல் அங்கே நேராக இருக்கும். அம்மாவுக்கு அந்த இடத்தில் ஒரு பல் தோளைச் சாய்த்து முன்னால் எட்டிப்பார்க்கும்; பல்செட்டு செய்தபோதும் பல்லம்மா அதை அப்படியே வைத்திருந்தாள். சிரித்தால் முதலில் தெரிவது அதுதான். பல்லம்மா அந்தப் பல்லை அம்மாவுடையது போலச் சாய்த்தாள். கூர்ப்பல்லை அம்மாவுடையது போல உயர்த்தினாள். ஒரு போட்டோவையும் பார்க்கவில்லை.

மெழுகில் நட்ட பல்லை ஒருமுறை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால்தான் கெட்டியாக வார்ப்பது. அதுவரைக்கும் எதையும் மாற்றலாம். இந்தச் சோதனைக்கு டாக்டர் எப்போதும் பல்லம்மாவைத்தான் கூப்பிடுவார். பேச்சில் காற்று எங்கே போகிறது, நாக்கு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பதில் அவள் காதை மிஞ்ச ஆளில்லை. வந்தவர்களைக் கிழமைகளைச் சொல்லச் சொல்வாள். செவ்வாய் சரியாக வந்தால் முன்பல் சரி, வெள்ளி சரியாக வந்தால் உதடு சரி.

டாக்டர் அன்று பக்கத்து அறையில் ஒருத்தருக்குக் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பல்லம்மா முகத்தில் மாஸ்க்கோடு வந்து, பேசாமல் பல்லை அக்காவின் வாயில் வைத்து அமுக்கினாள். பிறகு மாஸ்க்கைக் கழற்றினாள்.

அக்காவின் கண் விரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். பல்லம்மா தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மெழுகு. அசைஞ்சா கெட்டுரும். கிழமை சொல்லு."

அக்கா முறைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய். குரல் திரும்பி வந்துவிட்டது. அதே கணீர்க் குரல், எழுத்து எழுத்தாக. பஸ் நிலையத்துக் கூரைக்குக் கீழே வருஷக்கணக்காகத் தலையில் விழுந்த அதே குரல். பல்லம்மாவுக்குத் தன் வேலையை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, அந்தக் குரலின் கழுத்தை நெரிக்கவேண்டும் போலவும் இருந்தது.

"இன்னும் ஒரு வரி இருக்கு. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு. ‘சின்னவ வரமாட்டேன்னு சொல்லிட்டா’ன்னு சாகக் கிடந்த அம்மாகிட்ட நான் சொன்னது பொய்."

"சொல்லலைன்னா?"

"சொன்னாத்தான் பல்லு சரியா இருக்கான்னு தெரியும். தெரியாம நான் வார்க்க மாட்டேன்."

பக்கத்து அறையில் டாக்டர் யாரையோ வாயை இன்னும் பெரிதாகத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, பஸ் புறப்படும் நேரத்தைச் சொல்வதுபோல, முகத்தில் ஒன்றும் இல்லாமல் அந்த வரியைச் சொல்லி முடித்தாள்.

"பொய்யில காத்துப் போகுது. இன்னொரு தடவை."

காற்றும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. பல் கச்சிதமாக இருந்தது. அக்கா மறுபடி சொன்னாள். பல்லம்மா மறுபடி கேட்டாள். அடுத்த முறை சொல்லும்போது அம்மா என்ற இடத்தில் குரல் உடைந்தது. பல்லம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தினமும் காலையில் பார்த்த படம் இதுதான். நாற்காலியின் கைப்பிடி, நெற்றிச் சுருக்கம், எல்லாம் இருந்தது. நன்றி என்று சொல்ல உதட்டைப் பிரித்தாள்.

ஆனால் அக்கா நிறுத்தவில்லை. படத்தில் இல்லாததெல்லாம் இப்போது வந்தது.

"ராவும் பகலும் அம்மா துணி அலசினது நான். தூக்கி உக்காரவெச்சது நான். வாயைத் திறந்தா சின்னவ எங்க, சின்னவ எங்க. ஒருநாள் தாங்கல. சொல்லிட்டேன். ஆனா அவ நம்பல, தெரியுமா? ஒருநாளும் நம்பல. ‘அவ கெளம்பிட்டா, வந்துட்டிருக்கா’ன்னு என்கிட்டயே சொன்னா. கண்ணு மூடுற வரைக்கும் கதவையே பாத்துட்டிருந்தா."

பல்லம்மா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா எந்த வாசிப்புக் கூட்டத்துக்கும் போனதில்லை, வேதத்தில் ஒரு பக்கமும் புரட்டத் தெரியாது. தபால்காரர் வாரக்கணக்கில் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்ததைப் படுத்த இடத்தில் தானாகவே செய்திருக்கிறாள். வந்துவிட்டாள் என்று நிச்சயம் பண்ணியிருக்கிறாள். பழி கேட்டவளுக்குக் கேட்டபடி அக்காவின் பல் உதிர்ந்தது, மகளைக் கேட்டவளுக்குக் கதவு திறக்கவில்லையே! என்ன நியாயம் இது? ஒரு பஸ் ஏறினால் போய்ச்சேரும் தூரம். போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தன்னை நினைக்க நினைக்க நெஞ்சு வெந்தது. இவள் பேச்சைத்தானே நம்பினேன், ஊரைப்போல நானும் இவள் குரலைத்தானே நம்பினேன் என்று நினைத்ததும் வெந்ததெல்லாம் மறுபடி அக்கா மேலேயே திரும்பியது.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டு, அக்காவின் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உதட்டை விரித்துப் பார்த்தாள். கண்ணாடி மடியில் விழுந்தது. கை வாயைப் பொத்திக்கொண்டது. அந்தச் சாய்ந்த பல்லை அந்த வீட்டில் பிறந்த யாருக்கும் அடையாளம் சொல்லவேண்டியதில்லை.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஒரு பல் லேசாகச் சாய்ந்திருக்கிறது, பிடிக்கவில்லையென்றால் நேராக்கிவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றார். போன் அடிக்க, வெளியே போனார்.

"மாத்திடு" என்றாள் அக்கா. கெஞ்சுகிற குரல். பல்லம்மா அந்தக் குரலை அவளிடம் கேட்டதே இல்லை. "இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி தினம் கண்ணாடி பாக்குறது? கால்ல வேணா விழுறேன். மாத்திடு."

பல்லம்மா எழுந்தாள். மெழுகு நசுங்காமல் பல்லை அக்காவின் வாயிலிருந்து பதமாக வெளியே எடுத்தாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கத்தி சூடாக இருந்தது. டாக்டர் சொன்னது சரிதான், ஒரு நிமிஷ வேலை.

"கதவையே பாத்துட்டிருந்தா இல்ல?" என்றாள். "போதும். இனிமே உன்னைப் பாக்கட்டும்."

உள்ளே போய் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, பல்லை அப்படியே வார்த்தாள். அக்கா வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. அது ஏன் என்று பல்லம்மா யோசிக்கவும் இல்லை. கொஞ்ச நாளில் பஸ் நிலையத்தில் மூக்கால் பேசினவள் போய், பழைய குரல் திரும்பி வந்தது. செவ்வாயும் வெள்ளியும் சுத்தமாக விழுந்தன.

பல்லம்மா இப்போதும் விடிந்ததும் வேதத்தை விரித்துவைத்து உட்காருகிறாள். பல் நொறுங்குகிற பக்கத்திலிருந்து மெழுகுத் துண்டை எடுத்துவிட்டாள். இப்போது வாசிப்பது நீண்ட ஆயுளைப் பற்றிய இடம். கண்ணை மூடிக்கொண்டு, தலை நரைத்து, கூன் விழுந்து, நூறு வயதிலும் நடமாடிக்கொண்டிருக்கிற அக்காவைத் தெளிவாகப் பார்த்துவிட்டு நன்றி சொல்கிறாள். ஒருநாள் உப்பு கேட்டு வந்த மேல்வீட்டுக்காரி வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டாள். கூடப்பிறந்தவளுக்காக இப்படி உருகுகிறாளே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு தங்கையா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உருகாமல் என்ன செய்வாள்? ஒவ்வொரு நாளும் காலையில் அக்கா எழுந்து, பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு, கண்ணாடி பார்க்கவேண்டுமே.